தூங்கும் சென்சாருக்குக் கட்டளை அனுப்புவது எப்படி: லோராவான் கருவியைத் தொலைவிலிருந்து அமைக்கும் வழி

வாழைத் தோட்டத்தின் நடுவில் மண்ணில் செருகி வைத்த ஈரப்பதச் சென்சார் ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தன் அளவீட்டை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டது, இனி அரை மணிக்கு ஒரு முறை அனுப்பினால் போதும், பேட்டரியும் மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள். இதற்காகச் சேற்றில் இறங்கிப் பெட்டியின் திருகுகளைக் கழற்றி, மடிக்கணினியோடு கம்பியில் இணைக்க வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே நான்கு பைட்டு நீளமுள்ள ஒரு கட்டளையை அனுப்பி அந்த இடைவெளியை மாற்றிவிடலாம். ஆனால் அந்த நான்கு பைட்டுகளைத் தவறாக எழுதினால், கருவி நம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடவும் கூடும். ஆகவே முதன்முறையாக ஒரு லோராவான் சென்சாரைக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக, பதிவு செய்வதிலிருந்து கட்டளை நிறைவேறியதை உறுதி செய்வது வரை முழு வழியையும் இங்கே எழுதுகிறேன்.

சென்சார் எப்போது கேட்கும்

லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் செல்லும் ஒரு வானொலி முறை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் சிக்லியோ என்ற சிறு நிறுவனத்தில் உருவான அந்த நுட்பத்தை, 2012இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் வாங்கியது. அந்த வானொலியின் மேல் கருவிகள் எப்படிப் பேச வேண்டும், எப்படி மறைகுறியாக்கம் செய்ய வேண்டும் என்று வகுத்த நெறிமுறைதான் லோராவான். 2015இல் தொடங்கிய லோரா கூட்டமைப்பு இதைப் பராமரித்து வருகிறது. வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும். அடுத்துச் சொல்லப்போவதைத்தான் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியில் இயங்கும் பெரும்பாலான சென்சார்கள் 'ஏ' வகுப்பைச் சேர்ந்தவை. இவ்வகைக் கருவி ஏறக்குறைய நாள் முழுவதும் தூங்குகிறது. குறித்த நேரத்தில் விழித்து, அளந்து, தன் செய்தியை அனுப்புகிறது. இயல்பான அமைப்பில், அனுப்பி முடித்த ஒரு விநாடிக்குப் பிறகு சிறிது நேரம் காதைத் திறக்கிறது. அப்போது எதுவும் வராவிட்டால் இரண்டாவது விநாடியில் இன்னொரு முறை திறக்கிறது. அதிலும் எதுவும் வராவிட்டால் அடுத்த முறை பேசும் வரை மீண்டும் உறக்கம்தான். இங்கே தபால்காரர் யார் வீட்டுக்கும் வருவதில்லை. வீட்டுக்காரரே அவ்வப்போது தபால் நிலையத்துக்கு வந்து, தம் கடிதத்தைப் போட்டுவிட்டு, தமக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு கணம் நின்று பார்த்துச் செல்கிறார். நீங்கள் அனுப்பும் கட்டளை அதுவரை, பிணையத்தை நடத்தும் கணினி மென்பொருளான சர்வரின் வரிசையில் காத்திருக்கும். பொத்தானை அழுத்தியவுடன் எதுவும் நடக்கவில்லையே என்று புதியவர்கள் பதறுவதற்குக் காரணம் இதை அறியாததுதான்.

வேறு வகுப்புகளும் உண்டு. மின்வாரிய இணைப்பிலோ பெரிய சூரியத்தகட்டிலோ இயங்கும் வால்வுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பெரும்பாலும் 'சி' வகுப்பில் எப்போதும் காதைத் திறந்தே வைத்திருக்கும். 'பி' வகுப்பில், சென்சார்களுக்கும் சர்வருக்கும் இடையே செய்திகளைக் கடத்தும் வானொலிப் பெட்டியான கேட்வே 128 விநாடிக்கு ஒரு முறை அனுப்பும் நேரக்குறியை வைத்துக் கருவி குறித்த வேளைகளில் விழிக்கும். தொடக்கநிலையில் 'ஏ' வகுப்பைப் புரிந்துகொண்டாலே போதுமானது.

வாங்கும்போதும் பதியும்போதும்

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை, குறித்த ஆற்றல் வரம்புக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். லோராவானில் இதற்குரிய பெயர் ஐஎன்865. கருவியும் கேட்வேயும் இரண்டுமே இந்த வரிசைக்கு அமைக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கான 868 வரிசைக் கருவி விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அது வேறு அலைவரிசையில் பேசும், வேறு அலைவரிசையில் கேட்கும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஏஎஸ்923 வரிசை பொருந்தும். சென்சார் முதன்முதலில் பிணையத்தில் சேர முயலும்போது, ஐஎன்865 வரிசையில் 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று தடங்களில் ஒன்றைப் பயன்படுத்துகிறது. கேட்வே இந்த மூன்றையும் கேட்கிறதா என்று அதன் அமைப்புப் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பெட்டியோடு வரும் சிறு ஒட்டியில் (ஸ்டிக்கரில்) மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது கருவியின் அடையாளமான டெவ்இயுஐ. இதில் 16 பதினாறடிமான இலக்கங்கள் (0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை) உண்டு. இரண்டாவது ஜாயின்இயுஐ, இதுவும் 16 இலக்கங்கள்தான், பழைய கையேடுகளில் ஆப்இயுஐ என்ற பெயரில் இருக்கும். மூன்றாவது ஆப்கீ என்னும் 32 இலக்கச் சாவி. இந்தச் சாவியை வைத்தே கருவியும் சர்வரும் ஒன்றையொன்று நம்புகின்றன. ஆகவே ஒட்டியைப் படமெடுத்து உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்; போட்டே ஆக வேண்டுமென்றால் சாவியின் மேல் விரலை வைத்து மறைத்துப் படமெடுங்கள். மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒட்டி கிடந்த பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கருவியை வேறு சர்வருக்கு மாற்றும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

சர்வராக, சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருளான சிர்ப்ஸ்டாக்கையோ, இணையத்தில் கிடைக்கும் தி திங்ஸ் ஸ்டாக்கையோ பலரும் பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும் பதிவின்போது அலைவரிசை, லோராவான் பதிப்பு, சேரும் முறை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிப்பைக் கையேட்டில் உள்ளபடியே தேர்ந்தெடுங்கள்; 1.0.3 என்று எழுதியிருந்தால் 1.0.3தான், புதியது நல்லது என்று 1.1ஐத் தேர்ந்தெடுத்தால் கருவி சேராது. சேரும் முறையில், வானொலி வழியாகவே கோரிக்கை அனுப்பிச் சேரும் ஓடிஏஏ என்பதையே தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன். இதில் ஒவ்வொரு முறை சேரும்போதும் புதிய அமர்வுச் சாவிகள் உருவாவதோடு, எத்தனை விநாடி கழித்துக் காதைத் திறக்க வேண்டும் என்பதையும் சர்வரே கருவிக்குச் சொல்லிவிடுகிறது.

பதிவு முடிந்ததும் கருவியை இயக்குங்கள். மேசைமேல் கேட்வேக்கு அருகிலேயே வைத்துச் சோதிக்காமல் சில மீட்டர் தள்ளி, முடிந்தால் அடுத்த அறையில் வையுங்கள். மிக நெருக்கத்தில் சிக்னல் அளவுக்கு மீறி வலுவாகி, வானொலிப் பகுதி திணறும். சேரும் கோரிக்கையும் அதற்கான ஏற்பும் சர்வரின் நேரடிப் பதிவில் அடுத்தடுத்துத் தோன்றி, அதன்பின் முதல் அளவீடு வந்தால் கருவி சேர்ந்துவிட்டது என்று பொருள். கோரிக்கை மட்டுமே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால், ஆப்கீயில் ஓர் இலக்கம் பிழையாக இருக்கலாம், அல்லது ஏற்புச் செய்தி கருவியை எட்டாமல் இருக்கலாம்.

நான்கு பைட்டுகளை எழுதுதல்

கட்டளையின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இங்கே டிராகினோவின் எல்எஸ்இ01 மண் சென்சாரை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு அனுப்பும் இடைவெளியை மாற்றும் கட்டளையில் முதல் பைட்டு 01. இது 'இடைவெளியை மாற்று' என்று பொருள்படும் குறியீடு. அதன்பின் வரும் மூன்று பைட்டுகளும் சேர்ந்து விநாடிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுத வேண்டும். புதியவர்கள் இடறும் முதல் படி இதுவே.

பத்து நிமிடம் என்பது 600 விநாடி. 600ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 88. அந்த 88ஐ 16ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 8. ஆகவே கடைசி இரு பைட்டுகள் 02, 58. மூன்று பைட்டு இடம் இருப்பதால் முன்னால் ஒரு 00 வரும். முழுக் கட்டளை: 01 00 02 58. இதேபோல் அரை மணி நேரமான 1800 விநாடியை 256ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 8. கட்டளை 01 00 07 08. பத்து நிமிடத்துக்கு 600 என்றே நினைத்துக்கொண்டு 01 00 06 00 என்று அனுப்பினால், கருவி அதை 1536 விநாடி என்று புரிந்துகொண்டு 25 நிமிடம் 36 விநாடிக்கு ஒரு முறை பேசத் தொடங்கும். கணினியின் கால்குலேட்டரில் நிரலாளர் முறை என்று ஒன்று உண்டு. அதிலும் இந்த மாற்றத்தைச் செய்யலாம். ஆயினும் முதல் சில முறை தாளில் வகுத்துப் பாருங்கள். கை பழகிவிட்டால் பிழையான எண்ணைப் பார்த்தவுடன் கண் நின்றுவிடும்.

அடுத்த படி பைட்டுகளின் வரிசை. மேலே சொன்ன டிராகினோ கருவியில் பெரிய மதிப்புள்ள பைட்டு முதலில் வருகிறது. மைல்சைட்டின் இஎம்300 வரிசையில் சிறிய மதிப்புள்ள பைட்டு முதலில் வரவேண்டும்; அங்கே இடைவெளிக்கான குறியீடு எஃப்எஃப் 03, அதன்பின் அரை மணிக்கு 08 07 என்று தலைகீழாக எழுத வேண்டும். பழக்கத்தில் 07 08 என்று எழுதிவிட்டால் 2055 விநாடி ஆகிவிடும், அதாவது 34 நிமிடம் 15 விநாடி. அரை மணிக்கு வெகு அருகில் இருப்பதால் இந்தப் பிழை பல மாதம் கண்ணில் படாமலே கிடக்கும்.

அலகும் மாறக்கூடும். எல்எஸ்இ01ஐக் கம்பியில் இணைத்து, கணினியில் தட்டச்சு செய்யும் ஏடி கட்டளை மூலம் இதே இடைவெளியை அமைக்கும்போது, எண்ணை மில்லிவிநாடியில் கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு அங்கே 600000. தொலைக்கட்டளையிலோ விநாடி. கையேட்டில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டிருக்கும், எந்த வரியைப் படிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அதே கருவி அனுப்பும் 11 பைட்டுச் செய்தியில் ஐந்தாம், ஆறாம் பைட்டுகள் மண் ஈரத்தைக் குறிப்பவை, நூறால் வகுத்துப் படிக்க வேண்டியவை. அங்கே 07 08 வந்தால் 18.00 சதவீத ஈரம். நாம் அனுப்பும்போது அரை மணி நேரம், அது அனுப்பும்போது பதினெட்டுச் சதவீதம். இடத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது.

வரிசையில் வைத்து அனுப்புதல்

தி திங்ஸ் ஸ்டாக்கில் கருவியின் பக்கத்தில் செய்திகளுக்கான பகுதியைத் திறந்தால் டவுன்லிங்க், அதாவது சர்வரிலிருந்து கருவிக்குப் போகும் செய்தி, அனுப்பும் இடம் இருக்கும். சிர்ப்ஸ்டாக்கில் கருவியின் பக்கத்திலேயே வரிசை என்ற பொருளில் ஒரு தாவல் உண்டு. இரண்டிலும் முதலில், இது எவ்வகைச் செய்தி என்று கருவிக்குக் காட்டும் போர்ட் எண்ணைக் கேட்கும். பூச்சியம் பிணையத்தின் சொந்த வேலைகளுக்கானது, அதைத் தொடக்கூடாது. பயன்பாட்டுக் கட்டளைகளுக்கு 1 முதல் 223 வரை. கையேட்டில் குறித்த எண்ணையே கொடுங்கள். மைல்சைட் கருவிகளில் இயல்பாக 85 என்று அமைத்திருப்பார்கள். வேறு போர்ட்டில் போன கட்டளை கருவியை அடைந்தாலும் அது அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.

பிறகு பைட்டுகளை எழுதும் கட்டம். அது பதினாறடிமானத்தை எதிர்பார்க்கிறதா, பேஸ்64 என்ற வேறு வடிவத்தை எதிர்பார்க்கிறதா என்று பாருங்கள். பதினாறடிமானத்தைப் பேஸ்64 கட்டத்தில் ஒட்டினால் சர்வர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, முற்றிலும் வேறு பைட்டுகளை அனுப்பிவிடக்கூடும்.

வரிசையில் சேர்ப்பதா, பழையதை நீக்கிவிட்டு இதை மட்டும் வைப்பதா என்ற தேர்வு தி திங்ஸ் ஸ்டாக்கில் உண்டு. நீக்கிவிட்டு வைப்பதையே பழகிக்கொள்ளுங்கள். 'ஏ' வகுப்புக் கருவி ஒரு முறை பேசினால் ஒரு கட்டளையைத்தான் பெறும். பொறுமையிழந்து ஐந்து முறை அனுப்பினால், அடுத்த ஐந்து விழிப்புகளில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும். இடையில் உங்கள் எண்ணம் மாறி வேறு இடைவெளியை அனுப்பினாலும், அது அந்த ஐந்துக்கும் பின்னால்தான் நிற்கும்.

பொத்தானை அழுத்தியபின் காத்திருங்கள். கருவி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பேசுவதானால் அதிகபட்சம் பத்து நிமிடம். அவசரமென்றால் பக்கத்தில் இருப்பவர் கருவியின் பொத்தானை அழுத்தி ஒரு செய்தியை உடனே அனுப்ப வைக்கலாம். எந்தப் பொத்தான், எத்தனை விநாடி என்பது கையேட்டில் இருக்கும்.

நான் இழந்த இரண்டு நாள்

தொடக்க காலத்தில் ஒரு தோட்டத்தில் வைத்த மண் சென்சாருக்குப் பத்து நிமிட இடைவெளியை அனுப்பும்போது, 00 என்ற பைட்டை முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துவிட்டேன். 01 00 02 58 என்பதற்குப் பதிலாக 01 02 58 00 போயிற்று. நான்கு பைட்டுகள்தான், குறியீடும் சரி. கருவி தயங்காமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த எண் 1,53,600 விநாடி, அதாவது 42 மணி 40 நிமிடம். பிழையை நான் ஐந்தே நிமிடத்தில் கண்டுகொண்டேன், சரியான கட்டளையையும் வரிசையில் வைத்தேன். அதனால் பயன் இல்லை. கருவி அடுத்துப் பேசினால்தான் அதைக் கேட்கும். அடுத்துப் பேசப்போவதோ மறுநாளும் கழிந்து. "தம்பி, தண்ணி பாய்ச்சலாமா வேண்டாமான்னு போன்ல ஒண்ணுமே வரலியே" என்று தோட்டத்துப் பெரியவர் மறுநாள் காலையில் அழைத்தார். சென்சாரை நம்பி அவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதையே விட்டிருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிப் போய்க் கருவியைக் கையால் திரும்பத் தொடக்கினேன்.

அன்றிலிருந்து எந்தக் கட்டளைக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இது நிறைவேறியபின் எனக்கு அடுத்த வாய்ப்பு எப்போது கிடைக்கும்? இடைவெளியை நீட்டும் கட்டளை, போர்ட்டை மாற்றும் கட்டளை, சேரும் முறையை மாற்றும் கட்டளை ஆகிய மூன்றுமே இந்தக் கேள்வியைக் கோருபவை. நீங்களும் பைட்டுகளை எழுதியபின், அவற்றை மீண்டும் விநாடியாக மாற்றி, மணி நிமிடமாகப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடைவெளியைப் பெரிதாக நீட்ட வேண்டுமானால் படிப்படியாக நீட்டுங்கள். பத்து நிமிடத்திலிருந்து நேராக ஆறு மணி நேரத்துக்குத் தாவாமல், இடையில் அரை மணியில் ஒரு முறை நிறுத்திச் சரிபாருங்கள்.

நிறைவேறியதை அறிதல்

உறுதிப்படுத்தும் கட்டளை என்ற தேர்வை இட்டால், கருவி தன் அடுத்த செய்தியோடு பெற்றுக்கொண்டதற்கான குறியை அனுப்பும். ஆனால் அந்தக் குறி வானொலிப் பகுதிக்குச் செய்தி வந்து சேர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். கட்டளையைக் கருவி புரிந்துகொண்டு நிறைவேற்றியது என்று சொல்லாது. தவறான பைட்டுகளுக்கும் அதே குறிதான் வரும். ஆகவே நம்பத்தக்க சான்று செய்திகள் வரும் நேரமே. மாற்றத்துக்குப் பின் வரும் மூன்று செய்திகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, இடையிலுள்ள வித்தியாசம் நீங்கள் கேட்டதற்கு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். முப்பது நிமிடத்துக்குப் பதில் முப்பத்து நான்கு நிமிடம் வந்தால், மேலே சொன்ன தலைகீழ் வரிசை நினைவுக்கு வர வேண்டும்.

அளவீடுகள் ஒழுங்காக வருகின்றன, கட்டளை மட்டும் போய்ச் சேரவே இல்லை என்றால், பெரும்பாலும் நேரம்தான் காரணம். கேட்வே மெதுவான கைபேசி இணைய இணைப்பில் இருந்தால், செய்தி சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வருவதற்குள் அந்த ஒரு விநாடி கடந்துவிடும். சிர்ப்ஸ்டாக்கில் முதல் காத்திருப்பு இயல்பாக ஒரு விநாடி என்று இருப்பதை ஐந்தாக உயர்த்திவிட்டுக் கருவியை மீண்டும் சேர வைத்தால் சரியாகிவிடும். தி திங்ஸ் ஸ்டாக்கில் இயல்பாகவே ஐந்து விநாடிதான். அடுத்துப் பார்க்க வேண்டியது இரண்டாவது கேட்கும் வேளை. ஐஎன்865 வரிசையில் அது 866.550 மெகாஹெர்ட்ஸில், எஸ்எஃப்10 என்ற வேகத்தில் (எஸ்எஃப் எண் கூடக் கூட வேகம் குறையும்) அமைய வேண்டும். கருவியில் ஒன்றும் சர்வரில் வேறொன்றும் இருந்தால் இருவரும் வேறு வேறு வாசலில் காத்திருப்பார்கள்.

கேட்வேயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக அது பேசும் நேரத்தில் கேட்காது. ஒரு டவுன்லிங்க் போகும்போது அந்த வட்டாரத்து மற்ற சென்சார்களின் செய்திகள் அதன் காதில் விழுவதில்லை. எஸ்எஃப்7 வேகத்தில் ஒரு சிறு செய்தி ஏறக்குறைய 60 மில்லிவிநாடியில் முடிந்துவிடும். தொலைவுக்காக எஸ்எஃப்12இல் அனுப்பினால் அதே செய்தி ஒன்றரை விநாடி காற்றில் இருக்கும். தி திங்ஸ் ஸ்டாக்கில் இயங்கும் தி திங்ஸ் நெட்வொர்க் என்ற பொதுச் சேவையில் ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு 30 விநாடி அப்லிங்க் (கருவி அனுப்பும் செய்தி) நேரமும் 10 டவுன்லிங்க் செய்திகளும் மட்டுமே நியாயப் பயன்பாட்டு வரம்பு என்று வைத்திருப்பதன் காரணம் இதுதான். எஸ்எஃப்12இல் பேசும் கருவிக்கு அந்த 30 விநாடி சுமார் 20 செய்திகளிலேயே தீர்ந்துவிடும். பத்து நிமிட இடைவெளியிலோ நாளைக்கு 144 செய்திகள். ஆன்டெனாவை இன்னும் உயரத்தில் ஏற்றிக் கருவி எஸ்எஃப்7க்கு இறங்கும்படி செய்வது, கட்டளைகளோடு மல்லுக்கட்டுவதைவிட மேலான வேலை. வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, கருவி ஓரிடத்தில் நிலையாக இருக்கும் வரை, ஏடிஆர் என்ற தானியங்கி முறையிடமே விட்டுவிடுங்கள்.

பல சென்சார்களுக்கு ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டியிருந்தால், முதலில் எளிதில் நடந்து போய் எட்டக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் அனுப்புங்கள். அது புதிய இடைவெளியில் மூன்று முறை பேசிய பிறகு மற்றவற்றுக்குச் சில சிலவாக அனுப்புங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டில் தேதி, போர்ட், அனுப்பிய பைட்டுகள், அவற்றின் பொருள், மாற்றத்துக்குப் பின் முதல் செய்தி வந்த நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பில், கருவியைக் கையால் திரும்பத் தொடக்கும் முறையையும், அது தோட்டத்தில் எந்த வரிசையில் எத்தனையாவது மரத்தடியில் இருக்கிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.